மனப்பயிற்சியும் தமிழ்ச் சொல்லும்

பாரிசவாதத்தால் கை சோர்ந்தவரை ‘இனி ஒன்றும் ஆகாது’ என்று மூலையில் இருத்துதல் அறமன்று. செம்பை நோக்கிக் கை நீள்வதையும், விரல்கள் பற்றுவதையும், அதன் குளிர்ச்சியையும், வழிகாட்டும் குரலைக் கேட்டு உள்ளத்தே நிகழ்த்திப் பார்ப்பதே மனப்பயிற்சி. அவ்வாறு எண்ணுங்கால், அசைவை ஆளும் மூளைப் பகுதிகள் பலவும் தொழிற்படுகின்றன.

2007இல் அமெரிக்காவில் வெளியான, 32 நோயாளரிடை நடந்த ஆய்வில், உடற்பயிற்சியோடு இதனையும் 6 வாரம் செய்தோரின் கை கூடுதலாகத் தேறியது. ஆயின், 2011இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றில் மனப்பயிற்சி தனித்து நின்று பயன் தரவில்லை. ஆதலின் இஃது இயன்மருத்துவத்துக்குத் துணையேயன்றி மாற்றன்று.

வழிகாட்டும் சொல் விளங்காவிடின் உள்ளத்தில் காட்சி எழாது. எனவே, மருத்துவத் துறையிலுள்ள நம் பழைய மாணவர்கள் தமிழாசிரியரோடு கூடி, எளிய தமிழில் அவ்வுரைகளை ஆக்கித் தருவார்களாக. தாய்மொழிக்கு இதனினும் நற்பணி வேறு யாது?