பளபளக்கும் வெப்சைட்டும் பாட்டாளியின் பணமும்

சென்ற மாதம் சங்க ஆபீசுக்கு ஒரு தோழர் வந்தார். முப்பத்தொரு வருஷம் பஞ்சாலையில் ரிங் பிரேமில் சைடராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காது கொஞ்சம் மந்தம். மெஷின் சத்தம் கொடுத்த சன்மானம் அது. பிராவிடண்ட் பண்டும் கிராஜுவிட்டியும் சேர்ந்து வந்த பணத்தில், மகள் கல்யாணக் கடனைத் தீர்த்தது போக மிச்சம் நாலு லட்சம் பாங்கில் இருக்கிறது. அதை ஒரு முதலீட்டுக் கம்பெனியில் போடலாமா என்று கேட்க வந்தார். லட்சத்துக்கு மாதம் எட்டாயிரம் தருகிறார்களாம். கையிலிருந்த போனில் அந்தக் கம்பெனியின் வெப்சைட்டைத் திறந்து நம் முன் வைத்தார்.

பொய் சொல்வானேன்? நமக்கும் ஒரு கணம் மயக்கம் தட்டத்தான் செய்தது. கண்ணாடிக் கட்டிடம், கோட்டு சூட்டுப் போட்ட கனவான்கள், மேலே சிங்க முத்திரை, கீழே வரிசையாக ரிஜிஸ்டர் நம்பர்கள். “இருபத்தைந்து ஆண்டு நாணயமான சேவை” என்று சுத்தமான தமிழில் எழுதியிருந்தது. ஓர் எழுத்துப் பிழை கிடையாது.

“ஏனுங்க தோழர், இத்தனை நம்பர் போட்டிருக்கிறானே, பொய்யாயிருக்குமா?” என்றார் அவர்.

நியாயமான கேள்வி. நம்பரை மறைப்பவன்தான் திருடன் என்று நாம் நினைக்கிறோம். ஆனால் காட்டுகிற நம்பரை யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள் என்ற தைரியத்தில்தான் இந்த வியாபாரமே நடக்கிறது. சரி, பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தோம். சங்கத்து வாலிபத் தோழர் ஒருவர் துணைக்கு வந்தார்.

முதல் நம்பர் 21 எழுத்து நீளம். கம்பெனிச் சட்டப்படி பதிவான எல்லாக் கம்பெனிகளுக்கும் சர்க்கார் கொடுக்கிற நம்பர் அது. பார்த்தால் மிரட்டும், பிரித்துப் படித்தால் ஜாதகம் மாதிரி எல்லாவற்றையும் சொல்லிவிடும். முதலில் ஓர் எழுத்து, பிறகு ஐந்து இலக்கம், பிறகு எந்த மாநிலம் என்பதற்கு இரண்டு எழுத்து. அடுத்த நாலு இலக்கம் கம்பெனி பிறந்த வருஷம். இந்தக் கம்பெனிக்கு அந்த இடத்தில் 2023 என்று இருந்தது! இருபத்தைந்து ஆண்டு நாணயமான சேவை எங்கே, 2023 எங்கே? வருஷத்துக்கு அடுத்த மூன்று எழுத்து பி.டி.சி. அப்படியென்றால் பிரைவேட் லிமிடெட். இப்படிப்பட்ட கம்பெனி பொதுஜனங்களிடம் டெபாசிட் திரட்டக் கம்பெனிச் சட்டம் இடங்கொடுக்கவில்லை. ரிசர்வ் பாங்கிடம் டெபாசிட் வாங்க அனுமதி பெற்ற நிதிக் கம்பெனிகளின் கதை வேறு. அவையும் வருஷத்துக்கு 12.5 சதவிகிதத்துக்கு மேல் வட்டி கொடுக்க முடியாது. இவன் கொடுப்பதாகச் சொல்வதோ வருஷத்துக்கு 96 சதவிகிதம்.

இன்னொரு விஷயத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். “சர்க்காரில் பதிவு பெற்ற கம்பெனி” என்று பெருமையடிக்கிறார்களே, அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. கம்பெனி என்ற பெயரில் எதை ஆரம்பித்தாலும் பதிவு செய்துதான் ஆக வேண்டும். பதிவுச் சீட்டு என்பது பிறப்புச் சர்ட்டிபிகேட். நன்னடத்தைச் சர்ட்டிபிகேட் அல்ல.

அடுத்தது செபி நம்பர். பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற ஸ்தாபனம் செபி. பங்குத் தரகருக்கும் முதலீட்டு ஆலோசகருக்கும் அதனிடம் பதிவு வேண்டும். அந்தப் பட்டியலைச் செபி தன்னுடைய வெப்சைட்டில் வைத்திருக்கிறது. தேடினோம். நம்பர் இருந்தது! தோழரின் முகம் மலர்ந்தது. ஆனால் அந்த நம்பருக்கு நேரே இருந்த விலாசம் பம்பாய். பெயரும் ஓரெழுத்து வித்தியாசம். செபி பட்டியலில் கண்ட போன் நம்பருக்கே கூப்பிட்டோம். “அந்த வெப்சைட்டுக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை, எங்கள் நம்பரைத் திருடிப் போட்டிருக்கிறார்கள்” என்றார்கள். கம்பெனி வெப்சைட்டில் இருக்கிற போன் நம்பருக்குக் கூப்பிட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும்? திருடனிடமே போய் நீ திருடனா என்று கேட்ட கதைதான்.

மேலே பூட்டுப் படம் இருக்கிறதே, பத்திரம்தானே என்று சிலர் கேட்கிறார்கள். வழியில் யாரும் ஒட்டுக் கேட்க முடியாது என்பதற்கு மட்டுமே அந்தப் பூட்டு. உள்ளே உட்கார்ந்திருப்பவன் யோக்கியன் என்று அது சொல்லவில்லை.

பணத்தை எப்படி அனுப்பச் சொன்னார்கள் என்று கேட்டோம். ஒரு தனி ஆளின் பெயரில் இருக்கும் கணக்குக்காம். 2025 அக்டோபர் முதல் செபி ஓர் ஏற்பாடு செய்திருக்கிறது. பதிவு பெற்ற தரகர்களும் மியூச்சுவல் பண்டுகளும் போன் வழியாகப் பணம் வாங்கும் முகவரியில் “வேலிட்” என்ற சொல் கட்டாயம் இருக்கும். இவன் கொடுத்ததில் அது இல்லை.

இதெல்லாம் பார்க்கத் தெரியாவிட்டாலும் நமக்குக் கூட்டல் கணக்குத் தெரியுமல்லவா? மாதம் 8 சதவிகித லாபத்தை எடுக்காமல் மறுபடி மறுபடி போட்டுக்கொண்டே வந்தால், ஒரு லட்சம் ஐந்து வருஷத்தில் ஒரு கோடியைத் தாண்டும். இந்த வித்தை தெரிந்தவன் தன் வீட்டு ஒரு லட்சத்தைப் போட்டுவிட்டுக் காலை நீட்டிப் படுத்திருப்பானே! காது மந்தமான மில் தொழிலாளியின் பிராவிடண்ட் பண்டைத் தேடி ஊர் ஊராக ஏன் அலைகிறான்?

இது புதிய வித்தையும் அல்ல. 1906 அக்டோபரில் மதராசில் அர்பத்நாட் கம்பெனி திவாலாயிற்று. அன்று வெப்சைட் ஏது? வெள்ளைக்காரன் பெயரும் கடற்கரையோரத்துக் கட்டிடமுமே ஜனங்களை நம்ப வைத்தன. போட்டவர்கள் தெருவில் நின்றார்கள். அதன் முதலாளி சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்குக் கிடைத்த தண்டனை 18 மாதம்.

திருப்பூரை யார் மறக்க முடியும்? 2008, 2009 வருஷங்களில் பாசி என்ற கம்பெனி, இணையம் வழியாக அன்னியச் செலாவணி வியாபாரம் செய்து லாபம் தருவதாகச் சொல்லி ஏறத்தாழ ரூ.930 கோடி திரட்டியது. கோவைத் தனிக் கோர்ட்டு இயக்குநர்களுக்கு 27 வருஷச் சிறைத் தண்டனை விதித்தது. எப்போது? 2022 ஆகஸ்டில். பணத்தைப் போட்டவன் 13 வருஷம் கோர்ட்டு வாசலைப் பார்த்துக் கிடந்தான். அதே 2022-ல்தான் ஆருத்ரா விவகாரம் வெடித்தது. சுமார் ஒரு லட்சம் பேரிடம் ரூ.2,438 கோடி வாங்கப்பட்டதாகப் பொருளாதாரக் குற்றப் பிரிவுப் போலீஸ் கணக்குச் சொல்கிறது.

ஒவ்வொரு தடவையும் பெரிய பத்திரிகைகள் ஒரே பாட்டைப் பாடுகின்றன: “ஜனங்களின் பேராசை!” இதை நாம் ஒப்புக்கொள்ள முடியாது. இந்தத் தோழருக்கு வருகிற பென்ஷன் மாதம் ரூ.2,140. பிராவிடண்ட் பண்டுப் பென்ஷனில் 2014-ல் சர்க்கார் நிர்ணயித்த குறைந்தபட்சத் தொகை ரூ.1,000. இதில் இரண்டு ஜீவன் அரிசி வாங்க வேண்டும், மாத்திரை வாங்க வேண்டும். நாலு லட்சம் எப்படியாவது மாதாமாதம் சோறு போடாதா என்று ஏங்குவதற்குப் பெயர் பேராசையா? பசிக்கிறவனைப் பார்த்துத்தான் தூண்டில் போடுகிறார்கள்.

இன்னொரு அநியாயத்தைக் கவனியுங்கள். மோசக்காரனின் வெப்சைட் நல்ல தமிழில் பேசுகிறது. அவனைக் காட்டிக்கொடுக்கிற செபியின் பதிவுப் பட்டியலோ ஆங்கிலத்தில் இருக்கிறது. கையெழுத்துப் போட மட்டும் தெரிந்த விவசாயத் தொழிலாளி அதை எப்படிப் படிப்பார்? ஜாக்கிரதையாயிருங்கள் என்று விளம்பரம் செய்யும் சர்க்கார், அந்தப் பட்டியலைத் தமிழில் அச்சடித்துப் பஞ்சாயத்து ஆபீசிலும் ரேஷன் கடையிலும் மில் வாசலிலும் ஒட்டினால் என்ன குறைந்துபோகும்?

அதுவரை சங்க ஆபீசில் சம்பள நாளன்று மாலையில், படித்த வாலிபர் ஒருவர் போனுடன் உட்காருவார் என்று முடிவு செய்திருக்கிறோம். எந்தக் கம்பெனியின் நம்பரையும் கொண்டுவரலாம். ரிசர்வ் பாங்கின் “சசேத்” தளத்திலும் பார்த்துச் சொல்வார். போன் வழியாகப் பணத்தை அனுப்பி ஏமாந்துவிட்டவர்கள் வெட்கப்பட்டு வீட்டுக்குள் இருக்க வேண்டாம். உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். பணம் கைமாறிக் கைமாறி மறைவதற்குள் சொன்னால்தான் தடுத்து நிறுத்த முடியும்.

தோழரிடம் இந்தக் கம்பெனியைக் கொண்டுவந்தது யார் என்று கடைசியில்தான் கேட்டோம். மைத்துனர் மகன். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஆள் சேர்த்தால் கமிஷன் என்று சொல்லியிருக்கிறார்கள். அவன் திருடனல்ல, சம்சாரத்தின் நகையை அடகு வைத்து ஒன்றரை லட்சத்தைத் தானும் போட்டிருக்கிறான். இரண்டு மாதம் பணமும் வந்திருக்கிறது. பின்னால் வந்து சேர்ந்தவர்கள் போட்ட பணத்தில் ஒரு பிடியை முன்னால் வந்தவர்களுக்கு அள்ளிக் கொடுப்பதுதானே இவர்களுடைய லாபம்! “மாமா, எனக்கு வந்ததே, உங்களுக்கு வராதா?” என்றுதான் அவன் கேட்டிருக்கிறான். மனதறிந்து சொன்ன பொய்யல்ல.

தோழர் பணத்தைப் போடவில்லை. மைத்துனர் மகனைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறோம். அடகுச் சீட்டையும் பணம் அனுப்பிய ரசீதையும் எடுத்து வந்தால், பொருளாதாரக் குற்றப் பிரிவுக்குப் புகார் எழுதிக் கொடுக்கலாம். இரண்டு தடவை ஆள் அனுப்பியாயிற்று. மாமா மேல் கோபமாம், இன்னும் வரவில்லை.