புற்றுநோயும் பி53 புரதமும்: மறைக்க வேண்டிய கதையா?

எமது வீடுகளில் புற்றுநோய் என்று வாய் திறந்து சொல்லத் தயங்குகிறோம். "அவவுக்கு அந்த வருத்தமாம்" என்று குரலைத் தாழ்த்துவதோடு சரி. பிள்ளைகளுக்கும் சொல்வதில்லை. இந்த மௌனம் ஏன் ஆபத்தானது என்பதை ஒரு புரதத்தின் கதை உணர்த்தும்.

எமது உடற்கலங்களில் மரபணுக்கள் கட்டளைகளாக எழுதப்பட்டுள்ளன. ஒரு கட்டளை நிறைவேற, முதலில் அது படியெடுக்கப்பட வேண்டும். எதைப் படியெடுப்பது என்பதைத் தீர்மானிக்கும் புரதங்களில் ஒன்று, 1979இல் கண்டறியப்பட்ட பி53. மரபணுப் பொருள் பழுதடைந்தால், பி53 அதன் குறிப்பிட்ட இடங்களில் பற்றிக்கொண்டு, கலப்பிரிவை நிறுத்தும் மரபணுக்களைப் படியெடுக்க வைக்கும். பழுது திருத்த முடியாததாயின், கலம் தானாகவே அழிய வழிசெய்யும்.

மனிதருக்கு வரும் புற்றுநோய்களில் ஏறத்தாழ பாதியில் இந்தப் பி53 கெட்டுப்போயிருக்கிறது. கெட்ட புரதம் கலத்தில் குவிந்து கிடந்தாலும், உரிய இடத்தில் பற்ற முடியாததால் தடுப்புக் கட்டளைகள் படியெடுக்கப்படுவதில்லை. கலம் கட்டுப்பாடின்றிப் பெருகுகிறது. ஆரம்பத்தில் இதைப் புற்றுநோயை உண்டாக்கும் புரதம் என்றே ஆய்வாளர்கள் எண்ணினர். உண்மையில் இது காவலாளி என்பது 1989இல்தான் தெளிவானது.

பெரும்பாலும் இப்பழுது வாழ்நாளில் ஏற்படுவது. மிகச் சில குடும்பங்களில் மட்டும் பரம்பரையாக வருகிறது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 வீத வாய்ப்புண்டு. இதற்கு லீ-ஃபிராமெனி நோய் என்று பெயர். இதற்கும் பி53க்கும் உள்ள தொடர்பை 1990இல் வெளிப்படுத்திய ஆய்வில் முக்கிய பங்காற்றியவர் வைத்தியர் டேவிட் மல்கின். பின்னர் ரொறன்ரோ சிக் கிட்ஸ் வைத்தியசாலையில் அவரது குழு, முழுவுடல் எம்.ஆர்.ஐ., அல்ட்ராசவுண்ட், இரத்தப் பரிசோதனை அடங்கிய தொடர் கண்காணிப்பு முறையை உருவாக்கியது. 2016இல் வெளியான முடிவுகளின்படி, கண்காணிப்பில் இருந்தோரின் 5 ஆண்டு உயிர்பிழைப்பு ஏறத்தாழ 89 வீதம். இல்லாதோருக்கு 60 வீதம்.

இந்த வாய்ப்பு குடும்ப வரலாற்றைச் சொல்வதிலிருந்தே தொடங்குகிறது. குடும்ப வைத்தியர் கேட்கும்போது "ஒருவருக்கும் இல்லை" என்று நாம் சொன்னால் அவர் என்ன செய்வார்? கலியாணப் பேச்சுக் குழம்பும் என்ற பயம் பிள்ளையின் உயிரைவிடப் பெரிதல்ல. காப்புறுதி பற்றியும் அஞ்ச வேண்டாம்: மரபணுப் பரிசோதனை முடிவைத் தரும்படி நிறுவனங்கள் வற்புறுத்துவதை 2017ஆம் ஆண்டுக் கனடியச் சட்டம் தடைசெய்கிறது.

இடப்பெயர்வில் எமது மருத்துவக் குறிப்புகள் தொலைந்திருக்கலாம். பெரியவர்களின் நினைவு இன்னும் இருக்கிறது. யாருக்கு, எந்த உறுப்பில், எத்தனை வயதில் என்று இன்றே கேட்டு எழுதி வைப்போம்.