கொடி இருக்கிறது; குடி எங்கே?

அமெரிக்காவின் சிகாகோ நகரில், வடக்குப் பகுதியில் ஆண்டர்சன்வில் என்றொரு பேட்டை உண்டு. அங்கே கிளார்க் வீதியில் நின்று அண்ணாந்து பார்த்தால், நீலமும் மஞ்சளுமாக ஒரு தண்ணீர்த் தொட்டி தெரியும். ஸ்வீடன் நாட்டுக் கொடியின் நிறம் அது. ஆனால் கீழே வீதியில் ஸ்வீடிஷ் பேச்சு காதில் விழுவது அரிது.

1871-ல் சிகாகோவைப் பெருந்தீ அழித்தது. அதன்பின் நகருக்குள் மரவீடு கட்டத் தடை வந்தது. கல்லுக்கும் செங்கல்லுக்கும் வசதியில்லாத ஸ்வீடன்காரர்கள் வடக்கே நகர்ந்தனர். பிழைப்புக்காகக் கடல் கடந்தவர்கள், ஒரு கூரைக்காக நகர எல்லையையும் கடந்தார்கள். தச்சு வேலையிலும் வீட்டு வேலையிலும் சேர்த்த காசில் வீடு, கடை, தேவாலயம் எல்லாம் எழுந்தன.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் பிள்ளைகள் வசதி தேடிப் புறநகர்களுக்குப் போய்விட்டனர். எஞ்சிய கடைக்காரர்கள் கைகட்டி நிற்கவில்லை. 1964-ல் மேயர் ரிச்சர்ட் டேலியை அழைத்து விழா எடுத்து, பேட்டையின் பெயரை நிலைநாட்டினர். 1976-ல் அருங்காட்சியகம் கண்டனர். திறப்பு விழாவுக்கு ஸ்வீடன் மன்னரே வந்தார். தண்ணீர்த் தொட்டி 2014-ல் குளிரில் பழுதாகி இறக்கப்பட்டபோது, புதிய தொட்டிக்கு வட்டார மக்கள் பணம் திரட்டினர். ஜூன் மாத நடுக்கோடை விழாவுக்கும், டிசம்பர் 13-ல் லூசியா ஊர்வலத்துக்கும் பல இனத்தாரும் கூடுகின்றனர்.

இவையெல்லாம் பாராட்டத்தக்கவை. எனினும் பெயர்பெற்ற ஸ்வீடிஷ் பேக்கரி 2017-ல் மூடப்பட்டது. மொழியோ அதற்கு வெகுகாலம் முன்பே வீடுகளை விட்டுப் போய்விட்டது. யாரும் அதைத் தடுக்கவில்லை. பள்ளிக்கும் வேலைக்கும் ஆங்கிலம் போதும் என்று வீட்டார்தாம் விட்டுவிட்டனர். இன்று அருங்காட்சியகத்தில் ஸ்வீடிஷ் வகுப்பு நடக்கிறது. பாட்டி அடுப்பங்கரையில் காசில்லாமல் தந்திருக்கக்கூடியதைப் பேரன் கட்டணம் கட்டிப் படிக்கிறான்.

வந்த ஊரின் மொழியைக் கற்பது கடமை, அதில் மறுபேச்சில்லை. அதற்காக வீட்டு மொழியை விடவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வெளிமாநிலங்களில் சங்கம் வைத்திருக்கும் தமிழர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். பொங்கல் விழாவுக்குப் பந்தல் போட ஓடியாடி வசூல் செய்கிறோம். அதில் ஒரு பங்கை ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு ஒதுக்கினால் என்ன? இரவுச் சாப்பாட்டு வேளையிலாவது பிள்ளைகளோடு தமிழில் பேசினால் என்ன? தொட்டிக்குப் பணம் திரட்டி வர்ணம் பூசிவிடலாம். வீட்டில் ஒரு தலைமுறை பேசாமல் விட்ட மொழியை எந்த வசூலாலும் மீட்க முடியாது.