ஓடைக்கரைக் காடும் ஒரு பூங்குருவியும்

விசுவமடு, தருமபுரம் பகுதிகளில் கமம் செய்யும் குடும்பங்களில் பல மலையகத்திலிருந்து வந்தவை. 1977, 1983 வன்செயல்களில் தோட்டத்து லயங்களை விட்டு வன்னிக்கு வந்து காடு திருத்தியவர்கள், 2009இல் இங்கிருந்தும் இடம்பெயர்ந்தார்கள். அக்குடும்பங்களின் மூத்தோரில் சிலர், தேயிலை மலைக்கு மேலுள்ள காட்டோடைகளில் விடியலிலும் அந்தியிலும் எழும் மெல்லிய நீண்ட சீழ்க்கை ஒலியைக் கேட்டிருக்கக் கூடும். அது இலங்கைச் சீழ்க்கைப் பூங்குருவியின் குரல்.

இக்குருவி இலங்கையின் மலைநாட்டில் மட்டுமே உண்டு. உலகில் வேறெங்கும் இல்லை. சுமார் 20 சென்ரிமீற்றர் நீளம். ஆண் கருநீலம், பெண் கபிலம். இரண்டுக்கும் தோளில் பளிச்சென்ற நீலத் திட்டு உண்டு. ஏறத்தாழ 900 மீற்றருக்கு மேல், நிழலடர்ந்த காட்டினூடே பாறைகளில் மோதி ஓடும் ஓடைகளை அண்டியே வாழும். பூச்சிகளையும் சிறு தவளை, பல்லிகளையும் உண்ணும். ஹோர்ட்டன் சமவெளியில் இதைத் தேடி வெளிநாட்டாரும் இருட்டோடு எழுந்து காத்திருப்பார்கள். மரம் போய் ஓடையில் வெயில் விழுந்தால் குருவியும் போய்விடும். வயலிலோ தேயிலையிலோ அதனால் குடியேற முடியாது.

1872இல் இதனை விவரித்த ஹோல்ட்ஸ்வேர்த், பிளை என்ற கோப்பித் தோட்டத் துரையின் பெயரை இதற்கு இட்டார். வேடிக்கைதான்! இதன் காட்டை அழித்ததே கோப்பி. 1869இல் இலைநோய் தோன்றி கோப்பி அழிய, அதே சரிவுகளில் தேயிலை ஏறியது. அந்தக் காட்டை வெட்டவே நம் பாட்டன்மார் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டார்கள். மன்னாரில் இறங்கி, காட்டுப் பாதையால் மாத்தளைக்கு நடந்தவர்களில் எத்தனையோ பேர் வழியிலேயே மாண்டார்கள். கோடரி அவர்கள் கையில் இருந்தது, இலாபம் இருக்கவில்லை.

இதை நாம் சொல்லக் காரணமுண்டு. போர்க்காலத்தில் விட்டுப்போன காணிகளில் பற்றை வளர்ந்ததும், அவற்றை வனம் என்று எல்லைக்கல் நாட்டியதை வன்னி விவசாயிகள் கண்டார்கள். ஆகவே காடு, பறவை என்று யாராவது பேசினால் நம் மக்களுக்குக் கோபம் வருகிறது. அது நியாயமான கோபம். உறுதியும் பேமிற்றும் உள்ள காணி உரியவருக்கே திரும்ப வேண்டும்; இதில் பேரம் இல்லை.

ஆனால் ஓடைக்கரை வேறு விடயம். மகாவலியும் களனியும் வளவையும் ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்தில்தான் ஊற்றெடுக்கின்றன. பூங்குருவி வாழும் நிழற்காடே அந்த நீரைப் பிடித்து வைத்து மெல்ல விடுகிறது. நெத்தலியாற்றில் பூங்குருவி இல்லை. மருதமரங்கள் உண்டு, அவற்றின் வேர் கரையைப் பிடித்திருக்கிறது. மணலுக்காகக் கரை தோண்டப்பட்டால் மரம் சாயும், அக்கம்பக்கத்துக் கிணறுகளின் நீரும் இறங்கும். மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நீர் அந்தக் கிணறுகளில்தான்.

எனவே, விவசாயிகள் தங்கள் காணியைக் கேட்கும் அதே கூட்டத்தில், ஆற்றங்கரை மரவரிசைக்குள் எவரும் வெட்டுவதில்லை, மணல் லொறியை இறங்க விடுவதில்லை என்ற தீர்மானத்தையும் எடுக்க வேண்டுமென்பது நமது கருத்து. அந்த வரிசை எத்தனை அகலம் என்பதை, மாரியில் வெள்ளம் எதுவரை ஏறும் என்று அறிந்த கரையோரக் கமக்காரரே சொல்லட்டும்.