தொட்டிலில் நுழையும் அயற்குரல்

பேசும் பொறிகள் நம் இல்லங்களுள் புகுந்துவிட்டன. குமிழை அழுத்தினால் எழுத்தைச் சொல்கின்றன, படத்தைத் தொட்டால் பெயரைச் சொல்கின்றன, பாடவும் செய்கின்றன. நம் கடைகளில் விற்கும் இவ் விளையாட்டுப் பொருள்களுள் மிகப்பல பேசுவது ஆங்கிலமே! நடை பயிலுமுன்னே பிள்ளைக்கு அயன்மொழி பலுக்கக் கற்பிக்கும் ஆசிரியரை விலைக்கு வாங்கிவந்து, பெற்றோர் பெருமிதம் கொள்கின்றனர்.

இந்தி திணிக்கப்பட்டபோது 1938-இலும் 1965-இலும் தமிழர் கிளர்ந்தெழுந்தனர், சிறை புகுந்தனர், உயிரும் ஈந்தனர். தொட்டிலுக்குள் நுழையும் ஆங்கிலத்தையோ எவரும் திணிக்கவில்லை. நாமே காசு கொடுத்து அழைத்து வருகின்றோம். இஃது அதனினும் கொடிதன்றோ?

பொறியைப் பழித்தல் நம் நோக்கமன்று. அமெரிக்காவின் தெக்சாசு இன்சுட்ருமெண்ட்சு நிறுவனத்தில், 1976-இல் நால்வர் கொண்ட சிறு குழு, 25,000 தாலர் தொடக்கத் தொகையுடன் ஓர் ஆய்வில் இறங்கியது. அதன் பயனாக 1978-இல் 'இசுபீக் அண்டு இசுபெல்' என்னும் கருவி வெளிவந்தது. இசைத்தட்டும் ஒலிநாடாவும் இன்றி, ஒரு சிறு சில்லே மாந்தக் குரலை எழுப்பியது. கருவி ஆங்கிலச் சொல்லைக் கூறும். பிள்ளை அதன் எழுத்துகளை ஒவ்வொன்றாய் அழுத்திக் காட்டும்.

அக் கருவி பிரான்சுக்குச் சென்றபோது பிரெஞ்சு பேசிற்று. செருமனியில் செருமன் பேசிற்று. இத்தாலியில் இத்தாலியம் பேசிற்று. பொறிக்கென ஒரு மொழி இல்லை. வாங்குவோரின் மானமே அதன் மொழியை முடிவு செய்கின்றது.

சிறுவர் உருட்டிய முக்காற் சிறுதேரைப் பட்டினப்பாலையில் காண்கின்றோம். சிற்றிலும் சிறுபறையும் சிறுதேரும் பிள்ளைத்தமிழில் தனித்தனிப் பருவங்களாயின. விளையாட்டையே இலக்கியமாக்கிய இனம், விளையாட்டிலேயே தன் மொழியை இழப்பதோ?

மின்னணுவியல் கற்ற தமிழிளைஞர் பல்லாயிரவர் உளர். நால்வர் தொடங்கிய பணி அவர்க்கு இயலாததன்று. லகர ளகர ழகர வேறுபாடு பிழையாது, தூய தமிழ் பேசும் கருவிகளை அவர்கள் ஆக்குதல் வேண்டும். பெற்றோரே, கடையில் தமிழ் பேசுவதையே கேளுங்கள். இல்லையெனில் வெறுங்கையுடன் திரும்புங்கள். வாங்குவார் கேட்டாலன்றி விற்பார் செய்யார்.

அதுவரை உங்கள் குரலையே பிள்ளைக்குக் கொடுங்கள். மின்கலம் தீர்ந்தால் பொறி வாய்மூடும். தாயின் தாலாட்டுக்கு மின்கலம் வேண்டா!