கோவையில் இன்னிங்ஸ் வெற்றி... மும்பையில் இன்னிங்ஸ் தோல்வி! ரேங்கிங்கில் தெரியாத ‘சொந்த மண்’ கணக்கு

2024 பிப்ரவரி. கோவை எஸ்.என்.ஆர். கல்லூரி மைதானத்தில் ரஞ்சி கோப்பை காலிறுதி. நடப்பு சாம்பியன் சவுராஷ்டிராவை இன்னிங்ஸ் மற்றும் 33 ரன்கள் வித்தியாசத்தில் வீழ்த்தியது தமிழ்நாடு. கேப்டன் சாய் கிஷோரின் சுழலுக்கு மட்டும் 9 விக்கெட். மூன்றே நாளில் ஆட்டம் முடிந்தது.

அடுத்த வாரம் மும்பையில் அரையிறுதி. அதே கேப்டன்தான். டாஸ் வென்று பேட்டிங் எடுத்த தமிழ்நாடு 146 ரன்னில் சுருண்டு, இன்னிங்ஸ் மற்றும் 70 ரன்கள் வித்தியாசத்தில் தோற்றது. இதுவும் மூன்றே நாள்தான்.

ஒரே வாரத்தில் ஒரு அணி திறமையை இழந்துவிடாது. எதிரணியோடு சேர்ந்து ஆடுகளமும் மாறியதுதான் விஷயம். சர்வதேச டெஸ்ட்டிலும் இதே கதைதான். ஆனால், ஐசிசி தரவரிசை இதைக் கணக்கில் எடுக்கிறதா?

ரேங்கிங் எப்படி போடுறாங்க?

எதிரணியின் ரேட்டிங்தான் அடிப்படை. இரு அணிகளுக்கும் 40 புள்ளிக்குள் வித்தியாசம் இருந்தால், வெற்றிக்கு எதிரணியின் ரேட்டிங்குடன் 50 கூட்டப்படும். தோல்விக்கு 50 கழிக்கப்படும். போட்டி எங்கே நடந்தது என்பதற்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப்பில் ஒவ்வொரு அணிக்கும் உள்ளூரில் 3, வெளிநாட்டில் 3 தொடர்கள். அங்கேயும் எங்கே ஜெயித்தாலும் 12 புள்ளிதான்.

இந்தியாவுக்கு என்ன ஆச்சு?

2013 முதல் சொந்த மண்ணில் தொடர்ந்து 18 டெஸ்ட் தொடர்களை வென்றது இந்தியா. 2024 இறுதியில் நியூசிலாந்து வந்து 3-0 என வென்றதும் அந்தக் கோட்டை சரிந்தது. சாம்பியன்ஷிப் பட்டியலில் இந்தியாவின் புள்ளி சதவீதம் 74.24-ல் இருந்து 58.33 ஆக இறங்கியது. பிறகு ஆஸ்திரேலியாவிலும் 3-1 என தோற்று, இறுதிப்போட்டி வாய்ப்பே பறிபோனது.

2025 நவம்பரில் தென்னாப்பிரிக்காவும் 2-0 என வென்றது. கொல்கத்தாவில் 124 ரன் இலக்கைத் துரத்திய இந்தியா 93-க்கு ஆல் அவுட்.

பந்து ரொம்ப திரும்பினால் யாருக்கு லாபம்?

புனேயில் சான்ட்னர் 13 விக்கெட், மும்பையில் அஜாஸ் படேல் 11, கொல்கத்தாவில் ஹார்மர் 8. மூவருமே வந்த அணியின் சுழற்பந்து வீச்சாளர்கள். பிட்ச் ஓவராகத் திரும்பினால், இரு அணி ஸ்பின்னர்களுக்கும் உள்ள தர வித்தியாசம் குறைந்துவிடுகிறது. சொந்த மண் பலமே எதிரணிக்குப் பலமாகிவிடுகிறது.

வெளிநாட்டு வெற்றிக்கு என்ன மதிப்பு?

சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் ஆடியது ஒரே ஒரு டெஸ்ட். 2021 ஜனவரி, பிரிஸ்பேன் காபா மைதானம். 1988-க்குப் பிறகு ஆஸ்திரேலியா அங்கே டெஸ்ட்டில் தோற்றதே இல்லை. முதல் இன்னிங்ஸில் நடராஜனுக்கு 3 விக்கெட். 328 ரன் இலக்கை எட்டி இந்தியா வென்றது. சேப்பாக்கத்தில் கிடைக்கும் வெற்றிக்கும் இதுபோன்ற வெற்றிக்கும் இப்போது பட்டியலில் அதே 12 புள்ளி!

மாற்று வழி இருக்கா?

இங்கிலாந்து கவுண்டி கிரிக்கெட்டில் 2016 முதல் சில ஆண்டுகள், வந்த அணி விரும்பினால் டாஸ் இல்லாமலே முதலில் பந்துவீசலாம் என விதி இருந்தது. 2024-25 சீசனில் சி.கே.நாயுடு கோப்பையிலும் டாஸ் முடிவை வந்த அணிக்கே கொடுத்தது பிசிசிஐ. பிட்ச்சைத் தன் இஷ்டத்துக்குத் தயாரிக்கும் அணி, டாஸையும் நம்பி இருக்க முடியாது என்பதுதான் இதன் நோக்கம்.

டெஸ்ட்டில் இந்த விதி இன்னும் வரவில்லை. அதுவரை ரேங்கிங்கில் யார் நம்பர் 1 என்று மட்டும் பார்த்தால் போதாது. அந்தப் புள்ளிகளில் எத்தனை வெளியூரில் எடுத்தது என்றும் பார்க்கணும்.