ஊர்தியும் மதிப்பும்

ஒருவர் ஏறிவரும் ஊர்தியைக் கொண்டு அவர் தரத்தை அளவிடும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. கலாசாலை வாயிலில் மாணவர் இருவர் கூடின், எந்தக் கம்பெனியின் மோட்டார் சைக்கிள் சிறந்தது என்னும் விவாதம் எழுகின்றது. இவ்விஷயத்தில் நமது அபிப்பிராயத்தையும் ஈண்டு வெளியிடத் துணிந்தோம்.

சிறந்த வண்டி எனத் தனித்து ஒன்றில்லை. யாருக்கு, எவ்வேலைக்கு என்று வினவிய பின்னரே சிறப்பு இன்னதெனக் கூறலாகும். ராயல் என்பீல்டு புல்லட்டை நோக்குவோம். 1950-களில் எல்லைக் காவலின்பொருட்டு இந்தியச் சேனைக்கு வாங்கப்பெற்ற இவ்வண்டி, பின்னர்த் திருவொற்றியூரிலேயே உருவாகலாயிற்று. ஏறக்குறைய 190 கிலோ எடையுள்ள அதன் கனமும் நிதானமான முழக்கமும் நெடும்பயணம் செய்வார்க்கு உவப்பானவை. சந்து பொந்துகளில் நாள்தோறும் அலுவலுக்கு விரையும் குடும்பஸ்தருக்கோ அக்கனம் சுமையாம். அன்னார் 1994-ல் வெளிவந்த ஸ்பிளெண்டரையே நாடினர். சிறிய எஞ்சின், குறைந்த பெட்ரோல் செலவு, எவ்வூரிலும் பழுதுபார்க்கும் வசதி ஆகியவையே அதற்குக் காரணம். 2010-ல் ஹீரோவும் ஹோண்டாவும் பிரியத் தீர்மானித்த பின்னும் அதன் செல்வாக்குக் குன்றவில்லை. வேகத்தை விரும்பிய வாலிபர் முன்னர் யமஹா ஆர்.எக்ஸ். 100 வண்டியையும், 2001 முதல் பஜாஜ் பல்சரையும் விரும்பினர். முன்னதன் உற்பத்தி 1996-ல் நின்றும், அதனைத் தேடி வாங்குவார் இன்றும் உளர்.

இவ்வரிசையில் மாணவர் வாயில் வாராத வண்டியொன்று உண்டு. 1980-ல் ஓசூரினின்று வெளிவந்த டி.வி.எஸ். 50-உம் அதன் வழிவந்த எக்ஸ்.எல். மொபெட்டுகளுமே அவை. கியர் மாற்றும் தொல்லையில்லை. முன்புறத்தே மூட்டை வைக்க இடமுண்டு. பால்காரரும், மீன் விற்பாரும், காய்கறி வியாபாரியும் அதனையே நம்பிப் பிழைக்கின்றனர்.

பால் கேன்களுடன் மொபெட்டில் தன்னை ஏற்றிவந்த தந்தையை, தோழர் காணாவண்ணம் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்த மாணவன் ஒருவனை நாம் கண்டதுண்டு. சில மாதங்களில் அவன் புது வண்டியில் வந்தான். தந்தையோ தவணைக் கடனை அடைக்க மாலையிலும் பால் ஊற்றப் புறப்பட்டார். அவனது கல்லூரிச் சம்பளத்தைச் சுமந்ததும் அம்மொபெட்டே என்பதை அவன் மறந்தான்.

வாலிபர் நல்ல வண்டியை விரும்புதல் குற்றமென்று யாம் கூறோம். இயந்திரத்தின் நுட்பத்தை அறிந்து பாராட்டுதல் அறிவின்பாற்பட்டதே. ஆயின், தாம் ஈட்டிய பொருளில் வாங்குக. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் கட்டளையிடும் தலைக்கவசத்தை அணிந்து ஓட்டுக. கம்பெனியின் பெயர் வண்டிக்கு உரியது. அதில் ஏறுவார்க்கு உரியதன்று. உழைத்துப் பிழைப்பாரைச் சுமக்கும் வண்டியைக் கண்டு நாணுவதைவிட, அவர் உழைப்பில் வாங்கிய வண்டியைக் காட்டிப் பெருமை கொள்வதற்கே நாம் நாணவேண்டும். நம் மாணவர் இதனைச் சிந்திப்பாராக.